விட்டுப்போன ஒரு வரி

எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொந்த ஊரில் சம்பளமில்லாத உத்தியோகங்கள் இரண்டு உண்டு. ஒன்று கலியாணப் பத்திரிகை எழுதிக் கொடுப்பது. மற்றொன்று திருவிழா நோட்டீஸ் எழுதிக் கொடுப்பது. நான் இதுவரை ஏழு நாவல்கள் எழுதியிருக்கிறேன். கட்டுமாவடியில் அவற்றைப் படித்தவர்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு விரல் என் வீட்டாருக்குப் போய்விடும். ஆனால் நோட்டீஸ் எழுதுகிறவன் என்ற முறையில் என்னை அறியாதவர் கடைத்தெருவில் இல்லை. மீன் மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர்கூட, "வாங்க நோட்டீஸ்காரரே!" என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தஞ்சாவூர் ஜில்லா முடிந்து புதுக்கோட்டை ஜில்லா தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. 1974-இல் புதுக்கோட்டை தனி ஜில்லாவாகிற வரையில் நாங்களும் தஞ்சாவூர்க்காரர்கள்தாம். கிழக்கே போனால் பாக் விரிகுடா. மேற்கே போனால் கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஆகவே வலை உலர்த்துகிறவரும் மாடு கட்டுகிறவரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரே டெலிவிஷனைப் பார்க்கிற ஊர் இது.

அப்படி உட்கார்ந்துதான் 2024 ஆகஸ்டு 31-ஆம் தேதி சென்னைக் கார்ப்பந்தயத்தைப் பார்த்தோம். தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருவையே பந்தயப் பாதையாக்கி, விளக்குப் போட்டு, இரவில் விட்டார்களே, அதுதான். அதற்கு முந்தின டிசம்பரிலேயே நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப் போட்டது. நடுவில் ஹைகோர்ட்டு வழக்கு. பட்டணத்துக்கு மோட்டார்ப் பந்தயம் புதிதல்ல. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் யுத்தகாலத்து விமானத் தளத்தில் வருஷாவருஷம் பந்தயம் விட்டது. பிறகு ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தடம் போட்டாயிற்று. "தடம் அங்கே இருக்க, ஆஸ்பத்திரியும் ஆபீசும் இருக்கிற தெருவில் எதற்கு?" என்பது வழக்குப் போட்டவர்களின் கேள்வி. கடைசியில் பந்தய நாளும் வந்தது. உலக மோட்டார் சம்மேளனத்தின் சான்றிதழ் வரவில்லை. கார்களெல்லாம் தயாராக நிற்கின்றன, ஓட்டுகிறவர்கள் தயார், ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கிறார்கள். பகலில் தொடங்க வேண்டியது இருட்டிய பிறகுதான் தொடங்கிற்று.

"நம்ம பாடுதான் அவுகளுக்கும்" என்றார் என் அத்தான். அத்தான் என்றால் என் அக்காவின் புருஷர். அறந்தாங்கிச் சாலையில் பெயர் சொன்னால் தெரிகிற பந்தய மாட்டுக்காரர். "காரா இருந்தா என்ன, மாடா இருந்தா என்ன மாப்ளே? வண்டி வச்சிருக்கவன் ஒரு பக்கம், விழா நடத்துறவன் ஒரு பக்கம். நடுவுல ஒரு காயிதம்."

அடுத்த வருஷமே அந்த நடுவிலிருக்கிற காகிதத்தை எழுதியவன் நானாக இருக்கப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்திராத வாசகர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லி விடுகிறேன். பாரம் ஏற்றுகிற வண்டியல்ல இது. ஆள் தூக்கிவிடக் கூடிய இலேசான வண்டி. இரண்டு மாடு, ஒரு சாரதி, ஒரு துணைச் சாரதி. மாட்டின் உயரத்தையும் வயதையும் பார்த்துப் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிப்பார்கள். கரிச்சானும் பூஞ்சிட்டும் பறவைப் பெயர்கள். சின்ன மாட்டுக்குப் பறவையின் பெயரை வைத்தவன் யாரோ, அவன் என்னைவிட நல்ல எழுத்தாளன். கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. பந்தயக்காரர்கள் இன்னும் மைலை விடவில்லை. "பெரிய மாடு, போய்வர எட்டு மைல்" என்றுதான் மைக்கில் சொல்வார்கள். எல்லையில் போட்டிருக்கும் பீப்பாயைச் சுற்றித் திரும்ப வேண்டும். முதல் நான்கு வண்டிக்குப் பணம், அத்துடன் கொடி. பணம் மாட்டுக்காரருக்குப் போகும், கொடி சாரதிக்கு. பணத்தை மறந்துவிட்ட சாரதிகளைப் பார்த்திருக்கிறேன். கொடியை மறந்தவரைப் பார்த்ததில்லை.

மாடு வளர்ப்பது லேசான காரியமல்ல. பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம், முட்டை என்று அத்தான் வீட்டில் மாட்டுக்குப் போகிற பட்டியலைப் பார்த்து அக்கா ஒரு தடவை, "அடுத்த பிறவியிலே இந்தத் தொழுவத்திலே பொறக்கணும்" என்றாள். 2014 மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியபோது அத்தான் தம் ஜோடியை விற்கவில்லை. ஓடாத மாட்டுக்கு மூன்று வருஷம் தீனி போட்டார். மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்து, 2017 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டபோது, அந்த ஜோடிக்கு வயது கடந்துவிட்டது. ஒரு பந்தயம்கூட அது பிறகு ஓடவில்லை. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன அன்று அத்தான் தொழுவத்தில் நின்று அழுததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாட்டுக்காரர்கள் காசுக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று சுலபமாகச் சொல்லி விடுகிறோம்; அதற்காகத்தான் இதையும் எழுதுகிறேன்.

விழாக் கமிட்டியின் பக்கமும் நியாயம் உண்டு. எங்கள் பக்கத்து ஐயனார் கோயில் திருவிழா வைகாசியில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது சட்டம். நாட்டுப்படகுகள் போகும், ஆனாலும் கடைத்தெருவில் காசு நடமாட்டம் குறைந்திருக்கும் காலம் அதுதான். தலைக்கட்டு வரி வசூலிக்கப் போகிறவன் வீட்டு வாசலில் நின்று பல்லைக் காட்ட வேண்டும். கமிட்டிக் காரியதரிசி என் பள்ளித் தோழன். வலைக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒவ்வொரு ரூபாயும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும்.

2025 வைகாசித் திருவிழாவுக்கு அவன்தான் பழைய நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "இதையே தேதி மாத்தி எழுதிக் குடு. கொஞ்சம் நல்லாவும் எழுது" என்றான்.

இந்த 'நல்லாவும்' என்ற சொல்லில் விழுந்தேன். பழைய நோட்டீஸைப் படித்தேன். அதில் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'வண்டிகள் அதிகப்படியாக வரும் பட்சத்தில் இரண்டு பிரிவாக விடப்படும், அப்படி விடப்படும் பட்சத்தில் பரிசுத்தொகை பகிர்ந்து வழங்கப்படும், கமிட்டியாரின் முடிவே இறுதியானது.' ஒரே வாக்கியத்தில் இரண்டு 'பட்சத்தில்'. கடைசியில் ஒரு மிரட்டல். காதில் நாராசமாக விழுந்தது. எடுத்துவிட்டேன். அந்த இடத்தில், 'முதலில் எல்லை தொட்டு வரும் வீரச் சாரதியின் வண்டிக்கு முதல் பரிசு வழங்கிச் சிறப்பிக்கப்படும்' என்று எழுதினேன். காரியதரிசி படித்துவிட்டு, "இதுதாண்டா எழுத்து" என்றான். அச்சடித்துச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். பந்தயத்துக்கு முந்தின இரவு கோயில் மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நோட்டீஸுக்காக ஒருவனுக்குப் பொன்னாடை போர்த்தியது எங்கள் வட்டாரத்தில் அதுவே முதல் தடவை என்று மைக்கில் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு என்னை எழுப்பியவன் காரியதரிசியின் தம்பி. "அண்ணன் உங்களை அந்த நோட்டீஸோட வரச் சொன்னுச்சு" என்றான். அவன் குரலில் பொன்னாடை இல்லை.

தென்னந்தோப்பு ஓரத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து நின்றது. விஷயம் இதுதான். பெரிய மாட்டுக்கு ஒன்பது வண்டி, தொல்லையில்லை. கரிச்சானுக்கு 27 வண்டி வந்துவிட்டது. அறந்தாங்கிச் சாலையில் 27 வண்டியை ஒரே வரிசையில் விட்டால் மாட்டுக்கும் கால் ஒடியும், மனுஷனுக்கும் ஒடியும். இரண்டு பிரிவாக விட வேண்டியதுதான்; அதில் யாருக்கும் தகராறில்லை. பரிசு? கரிச்சானுக்கு வைத்திருந்தது முதலுக்கு 25,000, பிறகு 20,000, 15,000, 10,000, ஆக 70,000. அதை இரண்டு பிரிவுக்கும் பாதிப்பாதியாகப் பகிர்வோம் என்றது கமிட்டி. 'முதலில் எல்லை தொட்டு வரும் வண்டிக்கு முதல் பரிசு' என்று அச்சடித்திருக்கிறதே, இரண்டு பிரிவிலும் முதலில் வருகிறவன் முதல்வன்தானே, இருவருக்கும் 25,000 எடுத்து வை என்றார்கள் வண்டிக்காரர்கள். பகிர்வது என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கும் எழுதியில்லை. எழுதியிருந்ததை அழகில்லை என்று அடித்தவன் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுவில் நிற்கிறான்.

வண்டிக்காரர்கள் பக்கம் முன்னால் நின்றவர் அத்தான். கமிட்டி பக்கம் முன்னால் நின்றவன் காரியதரிசி.

"சொல்லு மாப்ளே, நீ எழுதுனதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் அத்தான். சபையில் அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க" என்றான் காரியதரிசி. முப்பது வருஷமாக 'டேய்' என்று கூப்பிட்டவன் 'நீங்க' என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கிற்று.

பணத்தகராறோடு போகவில்லை. முந்தின வருஷம் பந்தயத்தின்போது, வண்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் கூவிக்கொண்டு போன பையன்களில் ஒருவன் விழுந்து தொடையெலும்பு முறிந்து ஆறு மாசம் படுக்கையில் கிடந்தான். வலைக்காரர் வீட்டுப் பையன். இந்த வருஷம் போலீஸ் அநுமதி கொடுத்ததே, பின்னால் மோட்டார் சைக்கிள் வரக் கூடாது, பத்து மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான். "எங்க பயலுக சத்தம் இல்லாம மாடு ஓடாது" என்றார் ஒரு வண்டிக்காரர். "உங்க மாடு ஓட எங்க பயலுக காலு ஒடியணுமா?" என்று கமிட்டி பக்கத்திலிருந்து ஒரு குரல். பையனின் சித்தப்பா. மாடுகளை நுகத்தில் பூட்டியாகிவிட்டது. கிழக்கே வெளுத்துவிட்டது. வெயில் ஏற ஏற மாடு கெட்டுப் போகும். நான்கைந்து பேர், "பூட்டை அவுருங்கடா, போவோம்" என்று கிளம்பவே செய்தார்கள். அவிழ்த்துக்கொண்டு போயிருந்தால் அத்துடன் எங்கள் ஊர்ப் பந்தயம் போயிற்று. பக்கத்தில் ஓர் ஊரில் இப்படித்தான் ஒரு காலையில் அவிழ்த்துப் போனார்கள். பிறகு எத்தனையோ வருஷம் அங்கே வண்டி பூட்டவில்லை, சம்பந்தமும் செய்துகொள்ளவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கதை சொன்னேன். எனக்குத் தெரிந்தது அதுதானே! பிரான்ஸ் தேசத்தில் நூற்றிருபது வருஷத்துக்கு முன் இதே சண்டை வந்தது என்று ஆரம்பித்தேன். கார்டன் பென்னட் என்ற அமெரிக்கப் பத்திரிகை முதலாளி 1900-இல் ஒரு கோப்பை வைத்தார். தேசத்துக்கு மூன்று கார்தான் என்பது விதி. பிரான்சில் கார் செய்கிற கம்பெனிகள் ஏராளம். கார் செய்யவே தெரியாத தேசத்துக்கும் மூன்று, எங்களுக்கும் மூன்றா என்று பிரெஞ்சு மோட்டார் கிளப் பொருமிற்று. அந்த மூன்று இடத்துக்காகத் தங்களுக்குள்ளேயே ஒரு பந்தயம் விட வேண்டியிருந்தது. 1905-இல் தாங்களே ஜெயித்தார்கள். ஜெயித்தபின் கோப்பையே வேண்டாம் என்று விலகினார்கள். 1906 ஜூனில் லெ மான் நகரத்துக்குப் பக்கத்தில் 'கிராண்ட் பிரி' என்று சொந்தமாக ஒரு பந்தயம் வைத்தார்கள். தேசத்துக்கு மூன்று இல்லை, கம்பெனிக்கு மூன்று. 32 கார் ஓடிற்று. ரெனோ காரில் ஸிஸ் என்கிறவர் ஜெயித்தார்.

கூட்டம் என்னை ஒரு தினுசாகப் பார்த்தது. விடிகாலை ஆறு மணிக்குப் பூட்டிய மாட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு பிரான்ஸ் கதை சொல்லுகிறவனை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? ஒரு பெரியவர் மட்டும் கேட்டார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அந்தக் காலத்தில் பேர்போன சாரதி. இப்போது பேரன் ஓட்ட, இவர் திண்ணையோடு சரி.

"கோப்பை வச்ச அந்த ஆளு அப்புறம் என்ன ஆனான் தம்பி?"

"கார்ப்பந்தயத்தை விட்டுவிட்டுப் பலூன் பந்தயத்துக்குக் கோப்பை வைத்தார், ஐயா. அதே 1906-இல்."

"ஓகோ!" என்று பெரியவர் காரியதரிசியின் பக்கம் திரும்பினார். "அப்ப இவுகளும் மாட்டை அனுப்பிட்டு பலூன் ஊதப் போறாகளா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பையனின் சித்தப்பாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதையினால் ஆன பிரயோசனம் அவ்வளவே. சமாதானத்தைச் செய்தவர் பெரியவர்தான். அவர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, கணக்குக் கேட்டார்.

"கரிச்சானுக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு வாங்கினீக?"

"வண்டிக்கு ஆயிரம்."

"இருபத்தேழு வண்டி, இருபத்தேழாயிரம். நீங்க பத்துப் பன்னண்டு வண்டி வரும்னுதானே வரவு எழுதினீக? கோயில் பணத்தைத் தொட வேணாம். அந்த இருபத்தேழாயிரத்தையும் பரிசோட போடுங்க. ஆக 97,000. அதைப் பாதியாக்கு."

காரியதரிசி வாய்க்குள் கணக்குப் போட்டான். பிரிவுக்கு 48,500. முதலுக்கு 17,000, பிறகு 14,000, 10,000, 7,500.

"கட்டணத்தை நாங்க விட்டுட்டா மைக்குக்கும் பந்தலுக்கும் என்ன பண்றது?" என்று அவன் இழுத்தான். பெரியவர் அதற்குப் பதில் சொல்லாமல் வண்டிக்காரர்கள் பக்கம் திரும்பினார். "அவுக கட்டணத்தை விடுறாக. நீங்க என்னத்தை விடுறீக? வண்டிக்கு ஒரு ஆள் கொடுங்க. இருபத்தேழு பேரு ரோட்டுல நிக்கட்டும். ஒரு மோட்டார் சைக்கிளு பின்னால வந்தா அது யாரு வீட்டுப் பயலோ அந்த வண்டிக்குப் பரிசு கிடையாது. போலீசு வேணாம். நீங்களே நிறுத்துங்க."

சற்று நேரம் பேச்சில்லை. அத்தான்தான் முதலில் தலையசைத்தார். தம் மகனையே, என் மருமகனை, மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு முதல் வளைவில் நிறுத்தினார். அந்தப் பயல் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. எழுதினவன் நான், தண்டனை அவனுக்கு.

எல்லாம் ஆனபிறகு ஒரு சின்னச் சிக்கல். இரண்டாவது பிரிவு சாரதிகளுக்குக் கொடி? நான்கு கொடிதான் தைத்திருந்தார்கள். ஆறரை மணிக்கு எந்தத் துணிக்கடை திறந்திருக்கும்? பெரியவர் என் கக்கத்தைப் பார்த்தார். "அந்த வரியை வெட்டுன கை எதுனாச்சும் கொடுக்கணும்ல?" என்றார். பொன்னாடையைக் கொடுத்தேன். காரியதரிசியின் வீட்டிலிருந்து கத்தரிக்கோல் வந்தது. நான்காகக் கிழித்து மூங்கிலில் கட்டினார்கள். ஓரச் சரிகை இருந்த துண்டு முதல் பரிசுக்கு.

பந்தயம் ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. மோட்டார் சைக்கிள் இரண்டே இரண்டு வந்தது. இரண்டையும் வண்டிக்காரர்களே சாவியைப் பிடுங்கி நிறுத்திவிட்டார்கள். அத்தான் ஜோடி முதல் பிரிவில் ஓடி ஐந்தாவதாக வந்தது. நான்கு வரையில்தான் பரிசு. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, "ஏழு நாவல் எழுதுனவன் ஒரு நோட்டீஸை ஒழுங்கா எழுதக் கூடாதா?" என்று அக்காவிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. பந்தல்காரருக்கு நின்ற பாக்கியில் கொஞ்சத்தை நான் கொடுத்தேன். அதற்குக் காரியதரிசி ரசீது போட்டுக் கொடுத்து, "டேய், கையெழுத்துப் போடு" என்றான். நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சரிகைத் துண்டு, இரண்டாம் பிரிவில் ஜெயித்த சாரதியின் வீட்டில் சுவாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அந்த வழியாகப் போகும்போது பார்ப்பேன். அடுத்த திருவிழாவுக்கும் நோட்டீஸ் என்னிடம்தான் வந்தது. ஆனால் இந்தத் தடவை எழுதச் சொல்லி அல்ல. அச்சுப் பிழை மட்டும் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். கீழே பொடி எழுத்தில் இரண்டு 'பட்சத்தில்' இருந்தது. அதற்கடியில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் புதிதாக ஒரு வரி. அதில் ஒரு 'பட்சத்தில்' கூடுதல். ஓரிடத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தது. அதை மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.